செல்ப் சர்வீஸ் டோபி கடைங்க: மெஷினுக்குப் பின்னால யார் பாக்குறா?

கிள்ளான்_தேவி எழுதியது:

வணக்கம். மழை ஆரம்பிச்சதிலேர்ந்து வீட்ல துணி காயவே மாட்டேங்குது, போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு எங்க தாமான்ல (குடியிருப்புல) இருக்கிற, காசு போட்டு நாமளே துவைக்குற டோபிக்கு ரெண்டு பை துணி எடுத்துட்டுப் போனேன். மகளும் கூட வந்தா. கடையில எங்களையும் ஒரு பங்களாதேஷ் தம்பியையும் தவிர யாரும் இல்ல. துவைச்சு முடிச்சு டிரையர்ல போட்டு பத்து நிமிஷம் இருக்கும், பக்கத்து டிரையர்லேர்ந்து பஞ்சு கருகுற வாசனை. மெஷின் மேல் பக்கம் புகை, அப்புறம் உள்ள பொறி பறக்குறது கண்ணாடி வழியா தெரிஞ்சது. அது எங்க துணி இல்ல, யாரோ போட்டுட்டு சாப்பிடப் போயிட்டாங்க.

சுவத்துல இருந்த நம்பருக்கு நாலு தடவ போன் அடிச்சேன், யாரும் எடுக்கல. தீயணைப்பான் எங்கன்னு தேடினா அது பின் ரூம்ல இருக்கு, ரூம் பூட்டியிருக்கு. கேஸ எங்க மூடுறதுன்னு எங்க யாருக்கும் தெரியல. கடைசியில பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில வேலை செய்ற ஒருத்தர்தான் பின் சந்துக்கு ஓடிப் போய் தோம்பு (கேஸ் சிலிண்டர்) வால்வ மூடினாரு. நான் 999 அடிச்சேன். போம்பா (தீயணைப்புப் படை) வந்தப்போ தீ அந்த ஒரு மெஷினோட நின்னுடுச்சு, ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா மகள் அன்னைக்கு ராத்திரி தூங்கல, நானும்தான்.

மறுநாள் மத்தியானம் அந்த வழியாப் போனேன். கடை திறந்திருக்கு. கருகின மெஷின்ல "ரோசாக்"னு (பழுதுன்னு) ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, பக்கத்து மெஷின் எல்லாம் ஓடுது. எனக்கு அதப் பாத்து வயிறு கலங்கிடுச்சு. இந்தக் கடைங்களுக்கு லைசென்ஸ் யாரு குடுக்குறா, குடுத்ததுக்கு அப்புறம் யாரு வந்து பாக்குறா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மீனா_செரம்பான் எழுதியது:

அக்கா நல்லவேளை தப்பிச்சீங்க. அந்தத் துணியில எண்ணெய் இருந்திருக்குமான்னு எனக்கு ஒரு சந்தேகம், ஏன்னா எங்க வீட்டுலயே நடந்திருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால தீபாவளி அன்னைக்கு எல்லாரும் நல்லெண்ணெய் தேச்சு குளிச்சோம், பதினாலு பேரு, துண்டு எல்லாம் எண்ணெய். மறுநாள் டோபியில பச்சைத் தண்ணியில துவைச்சு டிரையர்ல சூடா காய வெச்சு, அவசரத்துல மடிக்காம அப்படியே கூடையில அமுக்கி வீட்டுக்குக் கொண்டாந்து ஹால்ல வெச்சுட்டோம். நாலு மணி நேரம் கழிச்சு மாமியார்தான் வாசனைய கண்டுபிடிச்சாங்க, கூடைக்கு நடுவுல துண்டு பழுப்பாகி கருக ஆரம்பிச்சிருக்கு. கூடைய வெளிய இழுத்துப் போட்ட உடனே காத்து பட்டு குபீர்னு பிடிச்சுக்கிச்சு. நெருப்பு வெச்சவங்க யாரும் இல்ல, சிகரெட் இல்ல, ஒண்ணும் இல்ல. சொன்னா யாரும் நம்பல.

பைப்காரன்_ஈப்போ எழுதியது:

நான் நம்புறேன்மா. கேஸ் பைப், டிரையர் ரிப்பேர் வேலை பதினெட்டு வருஷமா பாக்குறேன். நீங்க சொன்னது அப்படியே நடக்குற விஷயம்தான்.

நல்லெண்ணெய், சூரியகாந்தி, சோயா, ஆளி விதை எண்ணெய், இதெல்லாம் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேரும்போது சூடு விடுற எண்ணெய். மெல்லிசா துணியில பரவியிருந்தா காத்து படுற இடம் ஜாஸ்தி, அதனால வேகமா நடக்கும். சாதாரணமா அந்த சூடு வெளிய போயிடும். டிரையர்லேர்ந்து அறுபது எழுபது டிகிரியில எடுத்து குவியலா அமுக்கி வெச்சா நடுவுல இருக்கிற சூடு வெளிய போக வழி இல்ல, சூடு ஏற ஏற இன்னும் வேகமா ஆக்சிஜன் சேரும், அது இன்னும் சூடாக்கும், கடைசியில பஞ்சு பத்திக்கும். தேங்காய் எண்ணெய்ல இது ரொம்பக் கம்மி, ஆனா அதுக்காக அதப் போடலாம்னு சொல்லல. துவைச்சா எண்ணெய் போயிடும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, பச்சைத் தண்ணியில சோப்பு போட்டு துவைச்சா முழுசா போகாது. அதனால ஸ்பா, மசாஜ் கடை துண்டுங்கதான் டிரையருக்கு மொத எதிரி. பெயிண்ட் துடைச்ச துணி, பெட்ரோல் பட்ட துணி, சமையல்கார ஏப்ரன், ரப்பர் ஸ்பான்ஜ் வெச்ச மெத்தை விரிப்பு, இதெல்லாம் டிரையர்ல வைக்கவே கூடாது.

இன்னொண்ணு. டிரையர்ல கடைசி சில நிமிஷம் சூடு இல்லாம வெறும் காத்து மட்டும் சுத்தும், கவனிச்சிருக்கீங்களா? அது துணிய ஆற வைக்கத்தான். நம்ம ஆளுங்க "சூடு நின்னுடுச்சு, காசு வேஸ்ட்"னு நடுவுல கதவத் திறந்து சுடச்சுட எடுத்து பையில திணிச்சுடுறாங்க. அந்த நிமிஷங்கள முடிய விடுங்க, எடுத்த உடனே உதறி மடிச்சு வைங்க.

நைட்ஷிப்ட்_சரவணன் எழுதியது:

அண்ணே இத ஏன் எந்தக் கடையிலயும் எழுதி ஒட்டுறதில்ல? நான் போற கடையில ஒரு போஸ்டர் இருக்கு, எந்த பட்டனுக்கு எவ்ளோ காசுன்னு இத்தா பெருசா, கீழ பொடி எழுத்துல இங்கிலீஷ்ல எண்ணெய் துணி போடாதேன்னு ஒரு வரி. கடைக்கு வர்றவங்கள்ல பாதி பேரு நேப்பாளி, பங்களாதேஷி, மியன்மார் ஆளுங்க. யாருக்குப் புரியும்?

ஒசாகா_ரிட்டர்ன் எழுதியது:

நான் ஜப்பான்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தேன். அங்க தெருவுக்குத் தெரு கோயின் லாண்டரி, முக்கால்வாசி ஆள் இல்லாத கடைதான். ஆனா எண்ணெய் துணி எச்சரிக்கை படத்தோட டிரையர் கதவுலயே ஒட்டியிருக்கும், டோக்கியோ தீயணைப்புத் துறையும் இதப் பத்தி மக்களுக்குச் சொல்லிட்டே இருக்காங்க. அங்க துணி வெளுக்குற கடைங்களுக்கு 1950லேர்ந்து தனிச் சட்டம் இருக்கு, காசு போட்டு நாமளே துவைக்குற கடை அதுக்குள்ள வராது, அதனால 1983ல சுகாதார அமைச்சு தனியா ஒரு வழிகாட்டி போட்டாங்க. சட்டத்துக்குள்ள வராத கடைக்கு தனியா ஏதாவது செய்யணும்னு நாப்பது வருஷத்துக்கு முன்னாலயே யோசிச்சிருக்காங்க.

டோபி_தவுக்கே_கெடா எழுதியது:

எனக்கு ரெண்டு கடை இருக்கு, சுங்கை பட்டாணி பக்கம். எல்லாரும் தவுக்கேய (முதலாளிய) திட்டுறதுக்கு முன்னால கொஞ்சம் கேளுங்க. லைசென்ஸ் மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) குடுக்குது, மலேசியாவோட 1976 ஊராட்சிச் சட்டத்துக்குக் கீழ ஒவ்வொரு மஜ்லிஸுக்கும் தனித்தனி துணைச் சட்டம், அதனால ஒரு ஊர்ல கேக்குற பேப்பர் அடுத்த ஊர்ல கேக்க மாட்டாங்க. தீக்கு போம்பா, கேஸ் பைப்புக்கு எரிசக்தி ஆணையம், தோம்பு சப்ளைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சு, கரண்டும் எரிசக்தி ஆணையம். கடை திறக்க இத்தன வாசல் ஏறி இறங்கினேன். திறந்ததுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ லைசென்ஸ் காசு கட்டுறேன், அவ்ளோதான், உண்மையச் சொல்லணும்னா என் மெஷினுக்குப் பின்னால யாரும் எட்டிப் பாத்ததில்ல. நானே வாரம் ஒரு தடவ பாக்குறேன், அது என் பயத்துக்கு.

ஆளு வைக்கணும்னு எல்லாரும் சொல்றீங்க. குறைஞ்சபட்ச சம்பளம் இப்ப மாசம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இருபத்துநாலு மணி நேரத்துக்கு மூணு ஷிப்ட், மூணு பேரு, 5,100 வெள்ளி, அதுக்கு மேல இபிஎப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி). லீவு நாளுக்கு நாலாவது ஆளு வேணும். ஒரு துவைப்பு ஆறு வெள்ளி, ஒரு டிரையர் அஞ்சு வெள்ளி வாங்குற கடையில அது எங்கேர்ந்து வரும்?

கிள்ளான்_தேவி எழுதியது:

தவுக்கே அண்ணே, உங்கள மாதிரி வாரா வாரம் பாக்குறவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு சம்பள ஆளு வேணும்னு தோணல. போன எடுக்குற ஒரு மனுஷன் வேணும்னு தோணுச்சு. கண்ணு முன்னால ஒரு தீயணைப்பான், கையெட்டுற இடத்துல கேஸ் மூடுற ஒரு பிடி. இந்த மூணும் இருந்திருந்தா நான் மகளோட கைய பிடிச்சிட்டு நடுரோட்டுல நின்னு கத்தியிருக்க மாட்டேன்.

நைட்ஷிப்ட்_சரவணன் எழுதியது:

தவுக்கே சொல்றதுல ஞாயம் இருக்கு. நான் ஷா ஆலாம்ல பேக்டரியில நைட் ஷிப்ட், காலையில மூணு மணிக்கு ரெஸ்ட் நாள்ல துணி துவைக்க எனக்கு திறந்திருக்கிறது இந்தக் கடைங்கதான். ஹாஸ்டல்ல எட்டு பேருக்கு ஒரு மெஷின், அதுவும் பாதி நாள் ஓடாது. ஆள் இல்லாத நேரம் மூடணும்னு சட்டம் வந்தா மொத அடி எங்களுக்குத்தான். ஆனா அதுக்காக கருகுற மெஷின் பக்கத்துல உக்காரணும்னு இல்லையே.

பைப்காரன்_ஈப்போ எழுதியது:

ஆளு இருக்கணுமா வேணாமான்னு சண்டை போடுறதுக்கு முன்னால மெஷினுக்குப் பின்னால என்ன இருக்குன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

கேஸ் டிரையர்ல ஒரு பர்னர் எரியும், பேன் சூட்டுக் காத்த துணி வழியா இழுத்து டக்ட் (காத்து வெளிய போற குழாய்) வழியா வெளிய தள்ளும். அந்தக் காத்தோட பஞ்சுத் தூசியும் வரும். வலை ஒண்ணு அதப் பிடிக்கும், முழுசா பிடிக்காது. மிச்சம் டக்ட்ல படியும், பர்னர் பக்கத்துலயும் படியும். வலைய தினமும் சுத்தம் பண்ணணும், டக்ட்ட அப்பப்ப கழட்டிச் சுத்தம் பண்ணணும். அமெரிக்காவுல வீட்டு டிரையர் தீ மட்டும் வருஷத்துக்கு சுமார் 2,900னு அவங்க தீயணைப்பு நிர்வாகமே கணக்கு போட்டிருக்கு, அதுல முக்கியக் காரணம் சுத்தம் பண்ணாததுதான். வீட்டு டிரையர் ஒரு நாளைக்கு ஒரு தடவ ஓடும், கடை டிரையர் விடிய விடிய ஓடும், நீங்களே யோசிங்க.

டக்ட் அடைச்சா காத்தோட்டம் குறையும். அதுக்குன்னே உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு, சின்னத் தகடு ஒண்ணு காத்து அடிச்சா நகரும், காத்து பத்தலன்னா கேஸ கட் பண்ணிடும். அது கட் பண்ணிட்டே இருந்தா மெஷின் சூடாகாது, கஸ்டமர் கத்துவாங்க. அப்ப ஒழுங்கான ஆளு டக்ட்ட சுத்தம் பண்ணுவான். ஒழுங்கில்லாத ஆளு அந்த சுவிட்சோட ரெண்டு முனையையும் ஒரு ஒயரால சேத்து முடிச்சுடுவான், "தற்காலிகமா"ன்னு சொல்லி. அந்த ஒயர நான் எத்தன மெஷின்ல என் கையால கழட்டியிருக்கேன் தெரியுமா. ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். மெஷின் நல்லா சூடாகும், கஸ்டமர் சந்தோஷமா போவாங்க, தீய தடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லாம அது ஓடிட்டே இருக்கும்.

கேஸுக்கு வருவோம். எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா மேல போகாது, தரையோட ஊர்ந்து சாக்கடைக்குள்ள இறங்கும். அதனால தோம்புங்க வெளிய, காத்தோட்டமான இடத்துல, நேரா நிக்கணும், சாக்கடை வாய்க்குப் பக்கத்துல இருக்கக் கூடாது. கசிவுக் கருவி வெச்சா தரைக்குப் பக்கத்துல வைக்கணும், சீலிங்ல வெச்சா பிரயோஜனம் இல்ல. இதுக்கெல்லாம் 1993 கேஸ் வினியோகச் சட்டம், 1997 விதிகள், எம்எஸ் 830, எம்எஸ் 930ங்கிற மலேசியத் தரம் எல்லாம் இருக்கு. பதிவு பண்ண காண்ட்ராக்டர்தான் பைப் போடணும், போடுறதுக்கு ஏடிஐ, ஓட்டுறதுக்கு ஏடிஓ, ரெண்டு அனுமதி. சட்டம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. பைப் போட்ட அன்னைக்கு எல்லாம் சரியா இருக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு அதே ரப்பர் ஹோஸ் வெடிச்சுப் போய் தொங்கும்.

மீனா_செரம்பான் எழுதியது:

அண்ணே வீட்டு தோம்பு வெச்சு ஓட்டுறாங்களே சில கடையில, பின் சந்துல பாத்திருக்கேன். அது சரியா?

பைப்காரன்_ஈப்போ எழுதியது:

சரியில்லமா. 14 கிலோ மானிய தோம்பு 26 வெள்ளி 60 சென், வியாபார தோம்பு அத விட ரொம்ப அதிகம், அந்த வித்தியாசத்துக்காகத்தான் செய்றாங்க. 2025ல அமைச்சு இதுக்குன்னு நாடு முழுக்க சோதனை நடத்துனாங்க. ஆனா விலைய விடுங்க, எனக்கு பயம் வேற. மானிய தோம்பு வெச்சு ஓட்டுறவன் யாரையும் பின்னால கூப்பிட்டுக் காட்ட மாட்டான், மாட்டிக்குவான்ல. அதனால அங்க ஹோஸ் பழசா, ரெகுலேட்டர் ஒழுங்கான்னு என்ன மாதிரி ஆளுங்க கண்ணுல படவே படாது.

முன்னாள்_மஜ்லிஸ்_ஊழியர் எழுதியது:

நான் லைசென்ஸ் பிரிவுல இருந்தவன், இப்ப பென்ஷன். தேவி கேட்டதுக்கு நேரா பதில் சொல்றேன். நாங்க சோதனைக்குப் போனா எதப் பாப்போம்? லைசென்ஸ் மாட்டியிருக்கா, போர்டு மலாய்ல இருக்கா, தரை சுத்தமா, தண்ணி சாக்கடைக்கு ஒழுங்கா போகுதா. டிரையர் பின் தகட்ட கழட்டிப் பாக்க எங்களுக்குத் தெரியாது, எங்க வேலையும் இல்ல. போம்பா ஆளு தீயணைப்பான் ஸ்டிக்கர் தேதி பாப்பாரு. எரிசக்தி ஆணையம் ஆளு புகார் வந்தா வருவாரு. மூணு பேரும் ஒரே நாள்ல ஒரே கடையில நின்னு நான் பாத்ததில்ல. ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பாத்திருப்பாருன்னு நெனச்சிட்டுப் போயிடுவோம். இத எழுதும்போது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு, நானும் அப்படித்தான் போனேன்.

2017ல மூவார்ல ஒரு டோபியில முஸ்லிம்களுக்கு மட்டும்னு நோட்டீஸ் வெச்சாங்க, ஜொகூர் சுல்தானே கண்டிச்சாரு, தவுக்கே மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டாரு, நல்ல விஷயம். 2018 செப்டம்பர்ல கோம்பாக்ல கர்ப்பமா இருந்த பூனைய டிரையருக்குள்ள போட்டுக் கொன்னாங்க, சிசிடிவியில பாத்து நாடே கொதிச்சது, ஒருத்தனுக்கு 34 மாசம் ஜெயிலும் 40,000 வெள்ளி அபராதமும் கெடைச்சது. அப்பத்தான் ஆள் இல்லாத டோபி பத்தி எல்லாரும் பேசினோம். ரெண்டுமே கண்ணுக்குத் தெரிஞ்ச விஷயம். டக்டுக்குள்ள இருக்கிற பஞ்சு கண்ணுக்குத் தெரியாது, அதனால அதப் பத்தி யாரும் கொதிக்கல.

நைட்ஷிப்ட்_சரவணன் எழுதியது:

ஐயா உண்மையச் சொன்னதுக்கு நன்றி. எனக்கு இன்னொரு டவுட்டு, நான் போற கடையில ஏர்கோன் போட்டு கண்ணாடிக் கதவ மூடி வெச்சிருப்பாங்க, நடுராத்திரி அங்க உக்காந்தா தலைவலி வரும். தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்.

பைப்காரன்_ஈப்போ எழுதியது:

தம்பி, இனிமே அங்க உள்ள உக்காராதீங்க. ஒரு கடை டிரையர் நிமிஷத்துக்கு பத்து கன மீட்டருக்கு மேல காத்த வெளிய தள்ளும், எட்டு மெஷின் ஓடினா கணக்கு போட்டுக்குங்க. அவ்ளோ காத்து உள்ள வர வழி வேணும். கதவ மூடி ஏர்கோன் போட்டா வர வழி இல்ல, அப்ப புகை போற வழியிலேயே காத்து திரும்பி உள்ள வரும், பர்னருக்கும் காத்து பத்தாம கார்பன் மோனாக்சைடு உண்டாகும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மொத அடையாளமே தலைவலி, மயக்கம்தான். தூக்கக் கலக்கமாவும் இருக்கலாம், ஆனா வெளிய வந்தா சரியாகுதுன்னா அது தூக்கம் இல்ல. இருநூறு வெள்ளிக்குள்ள ஒரு கருவி வாங்கி மாட்டலாம், ஒரு கடையில கூட நான் பாக்கல.

டோபி_தவுக்கே_கெடா எழுதியது:

படிச்சுட்டு ராத்திரி ரெண்டு கடைக்கும் போனேன். என் கடையிலயும் அந்தக் கருவி இல்ல, ஒத்துக்குறேன். நாளைக்கு வாங்குறேன். தீயணைப்பான பின் ரூம்லேர்ந்து எடுத்து வாசல் பக்கம் மாட்டிட்டேன், திருடிட்டுப் போவாங்கன்னுதான் உள்ள வெச்சிருந்தேன், போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். ஒண்ணு கேக்கணும், தீ பிடிச்சா கஸ்டமர் என்ன செய்யணும்னு எழுதி ஒட்டுறேன், சரியா சொல்லுங்க அண்ணே.

பைப்காரன்_ஈப்போ எழுதியது:

நல்ல மனசு தவுக்கே. மொதல்ல டிரையர் கதவத் திறக்காதீங்கன்னு எழுதுங்க, அதான் முக்கியம். திறந்தா காத்து உள்ள போய் தீ வெளிய பாயும். ஸ்டாப் பட்டன அழுத்து, கேஸ் வால்வ மூடு, எல்லாரையும் வெளிய கூப்பிடு, 999 அடி. கேஸ் வாசனை மட்டும் வந்தா லைட் சுவிட்ச தொடாதே, வெளிய வந்து போன் பண்ணு. மலாய், தமிழ், சீனம், வங்காளம், நேப்பாளி, எத்தன மொழி முடியுமோ அத்தனையும், படம் போட்டு. கேஸ் மூடுற வால்வுக்கு பக்கத்துல சிவப்பு பெயிண்ட்.

மீனா_செரம்பான் எழுதியது:

பிள்ளைங்களப் பத்தியும் எழுதுங்க தவுக்கே. காத்திருக்கிற நேரத்துல சின்னப் பிள்ளைங்க காலி டிரையருக்குள்ள ஏறி ஒளிஞ்சு விளையாடுறத நான் கண்ணால பாத்தேன், அம்மா போன்ல இருந்தாங்க. 2018ல ஜப்பான் சக்காய் நகரத்துல அஞ்சு வயசுப் பையன் வீட்டு மெஷினுக்குள்ள மாட்டி இறந்து போனான், கதவு உள்ளேர்ந்து திறக்கல. அதப் படிச்சதிலேர்ந்து எங்க திறந்த மெஷின் கதவப் பாத்தாலும் நான் மூடிட்டுத்தான் நகருவேன்.

கிள்ளான்_தேவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து லீவு போட்டு மஜ்லிஸ் கவுண்டருக்குப் போனேன், போன்ல எடுத்த படம், போம்பா வந்த தேதி நேரம் எல்லாம் எழுதிக் குடுத்தேன், பைல் நம்பர் குடுத்தாங்க. இது கேஸ் விஷயம்னு சொல்லி எரிசக்தி ஆணையத்துக்கும் எழுதச் சொன்னாங்க, எழுதிட்டேன். முன்னாள் மஜ்லிஸ் ஐயா சொன்னத வெச்சு, மூணு இலாகாவும் ஒரே நாள்ல சேந்து வந்து பாக்கணும்னு கடிதத்துல கேட்டிருக்கேன். லைசென்ஸ் புதுப்பிக்கிறப்போ டக்ட் சுத்தம் பண்ண ரசீதும் கேஸ் ஆளு கையெழுத்தும் இருந்தாத்தான் புதுப்பிக்கணும்னும் எழுதியிருக்கேன். நியூயார்க் நகரத்துல 2016ல சட்டம் போட்டு காசு போட்டு துவைக்குற கடைக்கும் தனி லைசென்ஸ் கொண்டாந்திருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும்னு மகள் தேடிப் பிடிச்சு சொன்னா. அதையும் சேத்துட்டேன்.

கடையில இப்ப புது போன் நம்பர் ஒட்டியிருக்காங்க, தீயணைப்பான் முன்னால வந்திருக்கு. கருகின மெஷின எடுத்துட்டாங்க. மத்த மெஷினோட டக்ட் சுத்தம் பண்ணாங்களா இல்லையான்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. பைப்கார அண்ணே, வெளியேர்ந்து பாத்து கண்டுபிடிக்க வழி இருக்கா?

பைப்காரன்_ஈப்போ எழுதியது:

இருக்கு. பின் சந்துக்குப் போய் டக்ட் வெளிய வர்ற வாயப் பாருங்க. மெஷின் ஓடும்போது அங்க சூட்டுக் காத்து பலமா அடிக்கணும். காத்து மெதுவா வந்தாலோ, வாயில பஞ்சு தாடி மாதிரி தொங்கினாலோ உள்ள சுத்தம் பண்ணலன்னு அர்த்தம். கிட்ட போய் எதையும் தொடாதீங்க, படம் மட்டும் எடுங்க.

கிள்ளான்_தேவி எழுதியது:

காலையில மகளப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நேரா பின் சந்துக்குத்தான் போனேன். ஆறு வாய் இருக்கு. ரெண்டு சுத்தமா இருக்கு, நாலுல தாடி தொங்குது, ஒண்ணுல ஒரு முழ நீளம். கீழ தோம்புக்குப் பக்கத்துல தரையெல்லாம் பஞ்சு. ஆறையும் படம் எடுத்து மூணு இலாகாவுக்கும் அதே பைல் நம்பர் போட்டு அனுப்பியாச்சு. போம்பாவுலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணி கடை அட்ரஸ் கேட்டாரு, திங்கக்கிழமை வர்றேன்னாரு. நானும் அங்க நிப்பேன்.